ரசமட்டம் கேட்ட இரண்டு வரி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு உண்டு. முதலில் டயர் கடை, அடுத்து ஜெராக்ஸ் கடை, அதை ஒட்டி ஒரு பிரார்த்தனைக் கூடம். பட்டறையிலிருந்து இரும்புக் கிடங்குக்குப் போக அதுதான் குறுக்கு வழி. ஆனால் பட்டறைக்காரர் அந்த மாதம் முழுக்க அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சந்தை ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். வண்டி ஓட்டுகிறவன் ஏன் என்று கேட்டதற்கு, "அங்க பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான்டா" என்றார். யாரும் எதையும் தோண்டவில்லை. பள்ளம் அவர் நெஞ்சுக்குள் கிடந்தது.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பதினோரு வயதில் இன்னொருவர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியின் மறுமுனையைப் பிடித்தவர். இருபத்தாறு வயதில் சொந்தமாக ஒரு வெல்டிங் மிஷின். இப்போது அறுபத்தெட்டு வயதில் இரண்டு ஷெட், ஒன்பது ஆட்கள். இந்த நகரத்தில் இரும்புக் கதவு போட்ட வீடுகளில் மூன்றில் ஒன்று அவர் கை பட்டது. பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்துக்கொண்டு வருவார்கள். அவர் ஒரு பார்வை பார்ப்பார். "தம்பி, இது பேப்பர்ல நிக்கும், சுவத்துல நிக்காது" என்பார். அப்படிச் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார் என்பது வேறு விஷயம். உழைத்தவன் சொல்லிக்கொண்டால் என்ன தப்பு?

மதம் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். காரணம் இருந்தது. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, இரண்டு பிரார்த்தனைக் கூடத்துக்காரர்களுக்குள் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு. தகராறு அடிதடியாகி, அடிதடி தீயாகி, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அவருடைய அப்பாவின் சைக்கிள் கடை. நாற்பது வாடகை சைக்கிள்கள் சாம்பல். அப்பா எந்தக் கூட்டத்திலும் சேராதவர். "யார்ப்பா கொளுத்துனது?" என்று மகன் கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும்தாண்டா. அதுல மட்டும் ஒத்துமையா இருந்தானுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் கடை வைக்கவே இல்லை. ஒரு கிடங்கில் மூட்டை தூக்கியே போய்ச் சேர்ந்தார்.

அதிலிருந்து பட்டறைக்காரருக்கு ஒரே பாட்டுத்தான். டீ நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார். "சாமி இருக்காரா இல்லையான்னு நான் கேக்கல. இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன? ஆனா அவருக்கு எதுக்குய்யா ஆபீசு? தலைவர், செயலாளர், பொருளாளர், கிளை, கொடி! அவர் என்ன சிமெண்ட்டுக் கம்பெனியா நடத்துறாரு? இந்த ஆபீசை எல்லாம் இழுத்து மூடு. உலகம் மறுநாளே உருப்பட்டுடும்." ஆட்கள் சிரிப்பார்கள். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். டீ ஆறிவிடும் என்ற பயம்.

பேச்சோடு விடவில்லை. பட்டறைக்கென்று ஒரு சட்டமே போட்டிருந்தார். உள்ளே மதப் பேச்சு கூடாது. பெயரைக் கேட்டாலே இன்ன கூட்டத்தான் என்று தெரிந்துவிடும் என்பதால் பெயரும் கூடாது. புதிதாக ஓர் ஆள் வந்தால் ஒரு வாரம் வேலையைப் பார்ப்பார், அப்புறம் தானே ஒரு பெயர் வைப்பார். கதவுக்குக் கீல் வைப்பதில் கெட்டிக்காரன் கீல். பெயின்ட் அடிக்கிறவன் பிரைமர். கம்பி வெட்டுகிறவன் கத்திரி. சம்பளச் சீட்டில்கூட அந்தப் பெயர்தான். ஊர், உறவு என்று பேச்செடுத்தால் அது கல்யாணம், சாவு என்று போய்க் கடைசியில் ஏதாவது ஒரு கூடத்து வாசலில்தான் நிற்கும். அதனால் அந்தப் பேச்சும் தானாகவே நின்றுபோனது.

சட்டம் வீண் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பத்து வருடங்களுக்கு முன்னால் நகரம் மறுபடியும் பற்றிக்கொண்டபோது, ஆறு நாள் கடைகள் மூடிக் கிடந்தன. பக்கத்துப் பட்டறைகளில் கூட வேலை செய்தவர்களே ஒருவன் மண்டையை ஒருவன் உடைத்தார்கள். இவர் பட்டறையில் ஒன்பது பேரும் உள்ளேயே தங்கி, ஒரே பானையில் சமைத்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டார்கள். ஒருவன்மேல் ஒரு கீறல் விழவில்லை. "பாத்தீங்களாடா?" என்று பட்டறைக்காரர் அதற்குப் பிறகு பத்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்க அவருக்கு உரிமையும் இருந்தது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான் ரசமட்டம். இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். நிறுத்திய கதவு சாய்ந்திருக்கிறதா என்று மற்றவர்கள் ரசமட்டக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இவர் பத்தடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "வலது பக்கம் ஒரு நூல் தூக்குங்க" என்பார். சரியாக ஒரு நூல், அரைக்கால் அங்குலம்தான் இருக்கும். கல்யாணம் கட்டவில்லை. பட்டறைக்கு மேலே இருக்கும் அறையிலேயே குடியிருந்தார். அதிர்ந்து பேச மாட்டார். புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அரை மணி நேரம் எங்கேயோ போய்விட்டு வருவார். எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம்.

போன வருடக் கடைசியில் ரசமட்டத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரும்புப் புகையை முப்பது வருடம் குடித்த நெஞ்சு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பட்டறைக்காரர் தினமும் நாலு மணிக்குப் போய் ஆறு மணிவரை கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ரொட்டியைப் பாலில் நனைத்துத் தன் கையாலேயே ஊட்டினார். கூடப் பிறந்தவன்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று அந்த வார்டு நர்ஸே சொன்னாள். அது பொய்யில்லை.

ஆறாவது நாள், மூக்கில் இருந்த குழாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டு ரசமட்டம் சொன்னார்: "முதலாளி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு. என்கிட்ட என்ன பீடிகை?"

"பஸ் நிலையத்துக்குப் பின்னால ஒரு சின்னக் கூடம் இருக்கு. டயர் கடைக்கு அந்தாண்ட. அங்க ஒரு பெரியவர் இருப்பாரு. ஒரு எட்டு வரச் சொல்ல முடியுமா? ரெண்டு வரி சொல்லிட்டுப் போயிடுவாரு. அவ்வளவுதான்."

பட்டறைக்காரருக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இருபத்திரண்டு வருடம் தன் நிழலில் நின்றவன், தன் பேச்சுக்கெல்லாம் தலையாட்டியவன், அந்தப் பக்கத்து ஆளா?

"உனக்கு என்னய்யா ஆச்சு? சாகப் போறவன் மாதிரி பேசுற? எந்திரிச்சு வா, நானே தோள்ல தூக்கிட்டுப் போறேன்."

"எந்திரிக்க மாட்டேன் முதலாளி. எனக்குத் தெரியும்."

மறுநாள் பட்டறைக்காரர் போகத்தான் செய்தார். டயர் கடைவரை போனார். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். சுவரில் ஒரு பலகை: தலைவர் இன்னார், செயலாளர் இன்னார், கட்டட நிதிக் குழு இன்னார். அதைப் பார்த்ததும் அப்பாவின் சைக்கிள் கடை கண்முன்னால் எரிந்தது. இந்த வாசலில் போய், தயவுசெய்து வாருங்கள் என்று நான் கைகட்டி நிற்பதா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பட்டறைக்காரரே கடைசியில் அங்கே போனார் என்று ஊரெல்லாம் தமுக்கடிக்க மாட்டானா? டயர் கடைக்காரன் வேறு, "என்ன முதலாளி, இந்தப் பக்கம்?" என்று கேட்டுத் தொலைத்தான். "சும்மா காத்தாட" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ரசமட்டம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"போனேன்ப்பா. பூட்டியிருந்துச்சு" என்றார் பட்டறைக்காரர்.

ரசமட்டம் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி முதலாளி. பரவாயில்ல" என்றார்.

அதற்கு அடுத்த நாள் மறுபடி ஒரு தடவை கேட்டார். வாயால் அல்ல. பட்டறைக்காரர் உள்ளே வந்ததும் புருவத்தை மட்டும் தூக்கினார். "இன்னிக்கும் பூட்டித்தான் கிடக்கு" என்றார் பட்டறைக்காரர். அன்றைக்கு அவர் அந்தத் தெருவுக்கே போகவில்லை. ஒன்பதாவது நாள் காலையில், முகம் கழுவ வெந்நீர் கொண்டுவந்த நர்ஸ் ரசமட்டம் போய்விட்டதைப் பார்த்தாள்.

உறவுக்காரர் யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "நான்தான்" என்றார். மின் மயானத்துக்கு வண்டி சொன்னார். அப்போது கீல் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "முதலாளி, அவங்க ஆளுங்க எரிக்க மாட்டாங்களே, மண்ணுக்குத்தானே..." என்று இழுத்தான்.

"எவங்க ஆளுங்க? அவன் நம்ம ஆளுடா!"

கீல் வாயை மூடிக்கொண்டான். எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். பட்டறைக்காரர் ஒரு பேச்சுப் பேசினார். இவன் எந்தக் கூட்டத்தையும் சேராதவன், உழைப்பைத் தவிர வேறு சாமி அறியாதவன் என்றார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி துக்கம்தான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் ஒரு சட்டையும் மூக்குக் கண்ணாடியும் ஒரு பழைய செல்போனும் இருந்தன. அதை வீட்டு மேஜை இழுப்பறையில் போட்டவர் திறந்தே பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் மனைவி இழுப்பறையைச் சுத்தம் பண்ணும்போது எடுத்து சார்ஜில் போட்டாள். போட்ட அரை மணி நேரத்தில் போன் அடித்தது. பட்டறைக்காரர் எடுத்தார்.

ஒரு பெண் குரல். ஒரு பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டது.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா. ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் கையில் இருப்பது யாருடைய போன் என்பது உறைத்தது. திரையைப் பார்த்தார். ‘அக்கா’ என்று இருந்தது. எடுக்காத அழைப்புகள் முப்பத்தொன்று. இருபத்திரண்டு வருடம் சோறு போட்ட மனிதனுடைய பெயர் காதில் விழுந்து, அப்படி யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்! அவனுக்கு ஓர் அக்கா இருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்ப அவரே கூப்பிட்டார். சொன்னார். அந்தப் பக்கம் அழுகை வரவில்லை. "நாளைக்கு மறுநாள் வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மனைவி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் மட்டும் எதையும் மறைக்கத் தெரியாது அவருக்கு. கூடம், டயர் கடை, பூட்டு என்று எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

"அவன் என்னங்க கேட்டான், வைரமா வைடூரியமா? ரெண்டு வரி. அதுவும் நீங்க சொல்ல வேண்டாம், எவரோ வந்து சொல்லியிருப்பாரு."

"என் கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"உங்க கொள்கைக்கு என்ன, நோயா வந்துச்சு? நோய் வந்தது அவனுக்கு." அவள் துண்டை உதறி மடித்தாள். "இவ்வளவு சொன்னீங்களே, நானும் ஒண்ணு சொல்றேன். முப்பத்தெட்டு வருஷமா நான் சமையக்கட்டுக் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் சாமி கும்பிடுறேன். தண்ணி சத்தத்துல உங்க காதுல விழாதுன்னு."

காலையில் குழாய் ஏன் அவ்வளவு நேரம் ஓடுகிறது, தண்ணீர் வீணாகிறதே என்று அவர் பல தடவை சத்தம் போட்டிருக்கிறார். இப்போது எழுந்துபோய் அந்தக் குழாயைத் திறந்து, அதன் சத்தத்தைக் கேட்டார்.

சொன்ன நாளில் அக்கா வந்தாள். அறுபது வயதிருக்கும். தையல் கடைகளுக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, எடுத்துக் கொடுக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. தோளில் ஒரு துணிப்பை. பட்டறைக்காரர் எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழுந்து நிற்கிறவர் இல்லை. மேல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். கொடியில் தொங்கிய இரண்டு சட்டைகளையும் எடுத்து மடித்தாள். ஒன்றில் பட்டன் ஒன்று அறுந்திருந்தது. "இதைக்கூட வச்சுக்கத் தெரியல பாரு" என்று சட்டையிடம் சொன்னாள்.

"எங்க வச்சிருக்கீங்கய்யா? நான் போயி கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துட்டு வரணும்."

"மின் மயானத்துலம்மா..."

அவள் நிமிர்ந்தாள். "எரிச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க பக்கம் மண்ணுக்குத்தானேய்யா குடுப்போம்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

கீல் அப்போதுதான் டீ டம்ளரோடு படியேறி வந்தவன், அந்த வார்த்தையைக் கேட்டு நின்றான். முதலாளியை ஒரு பார்வை பார்த்தான். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மடித்த சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "கடைசியில எதாச்சும் கேட்டானா?"

இதற்குத்தான் பட்டறைக்காரர் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தார். வாய் முந்திக்கொண்டது. "இல்லம்மா. ஒண்ணும் கேக்கல. நிம்மதியாத்தான் போனான்."

"கூடத்துப் பெரியவரைக் கூப்பிடுங்கன்னு கூடச் சொல்லலையா?"

"இல்லம்மா."

இது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்தார். அவள் முகமோ வேறு விதமாகச் சுருங்கியது. அது துக்கமில்லை, அவமானம்.

"அப்ப விட்டுட்டான்" என்றாள். "எங்கம்மா சாகும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டு, தம்பி இதை விட்டுடாம பாத்துக்கடின்னுச்சு. மாசாமாசம் போன்ல கேப்பேன், கூடத்துக்குப் போறியாடான்னு. வாரம் தவறாம போறேன்க்கா, நீ கவலைப்படாதன்னுவான். எல்லாம் பொய். அக்காளை ஏமாத்தணும்னே இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கான்."

பொய் சொன்னவர் யார், பொய்யன் என்ற பட்டம் யாருக்கு? உயிரோடு இருந்தவனுக்கு இரண்டு வரி கொடுக்கவில்லை. செத்தவனுக்குக் கெட்ட பெயரும் வாங்கிக் கொடுத்தாயிற்று.

"கேட்டாம்மா" என்றார் பட்டறைக்காரர்.

"என்ன?"

"கேட்டான். பெரியவரைக் கூட்டிட்டு வரச் சொன்னான். நான்தான் உங்ககிட்ட மறைச்சேன். ரெண்டு தடவை கேட்டான்."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது. அழுகைக்கு நடுவில் அந்த முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். "கேட்டானா? ரெண்டு தடவை கேட்டானா? என் ராசா. என் கண்ணு." சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்தாராய்யா அவரு?" என்றாள்.

அங்கேயே முழுவதையும் சொல்லியிருக்கலாம். பாதி தூரம் வந்தவருக்கு மீதித் தூரம் வரவில்லை. "நான் போனேம்மா. ரெண்டு நாளும் பூட்டியிருந்துச்சு" என்றார்.

அக்கா சடாரென்று எழுந்தாள். "பூட்டியிருந்துச்சா? மனுசன் சாகக் கெடக்கான், பூட்டிட்டுப் போயிட்டாங்களா? ரெண்டு நாளுமா? வாங்க, போயி கேப்போம். நீங்களும் வாங்க, நீங்கதான் சாட்சி."

நடந்தே போனார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். அவரைவிட எட்டு வயது சின்னவள், நடை ஓட்டமாக இருந்தது. பின்னால் போகப் போக அவருக்குள் ஒரு கெட்ட யோசனை எட்டிப் பார்த்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? சாகிறவன் கூப்பிட்டும் வராத கூடம் என்று இவளே ஊரெல்லாம் சொல்வாள். ஐம்பத்தெட்டு வருடமாக அவர் வாய் கிழியச் சொல்லி வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? நினைத்தது ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்காகவும் பிற்பாடு அவர் கூசினார்.

கூடத்து முற்றத்தில் ஒல்லியான ஒரு பெரியவர் பெருக்கிக்கொண்டிருந்தார். தலைவர், செயலாளர் மாதிரியெல்லாம் இல்லை. சட்டைப் பாக்கெட்டில் சாவிக்கொத்துக்குப் பதிலாக மூக்குப்பொடி டப்பி. அக்கா நின்ற நிலையிலேயே பிடித்துக்கொண்டாள். தம்பி பெயரைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கிடந்தான், கூப்பிட்டு அனுப்பினான், இரண்டு நாளும் பூட்டிப் போட்டுவிட்டு எங்கே போனீர்கள் என்று கேட்டாள்.

பெரியவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "போயிட்டாரா அவரு? நாலு வாரமா காணலையே, வேலை அதிகமா இருக்கும்னு நினைச்சேன். புதன்கிழமை ஆனா வந்துடுவாரும்மா. ஒரு மூலையில கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பாரு, எழுந்து போயிடுவாரு." "ஆனா பூட்டுன்னு சொன்னீங்களே... இந்தக் கேட்டைப் பாருங்கம்மா."

பட்டறைக்காரர் பார்த்தார். அன்றைக்குப் பலகையைத்தான் பார்த்தார், கதவைப் பார்க்கவில்லை. கீல் விட்டுப்போன ஒற்றைக் கதவு சுவரில் சாய்ந்து கிடந்தது. அடியில் புல் முளைத்து முழங்கால் உயரத்துக்கு நின்றது.

"நாலு வருஷமா இப்படித்தான். மூடவே முடியாது. உள் வாசலுக்குக் கதவே கெடையாது. உங்க தம்பிதான் சொல்லுவாரு, 'அரை மணி நேர வேலை பெரியவரே, ஆனா வெல்டிங் மிஷினைக் கேட்டா எங்க முதலாளி எதுக்குன்னு கேப்பாரு'ன்னு." பெரியவர் தலையைச் சொறிந்தார். "ஆனா நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். நான் டீ குடிக்கப் போயிருப்பேன். ஆள் இல்லைன்னதும் வந்தவங்க திரும்பியிருப்பாங்க. என் தப்புதான். வயசாயிடுச்சும்மா, ஒரு இடத்துல இருக்க முடியல. மன்னிச்சுக்கங்க."

செய்யாத தப்புக்குக் கைகூப்புகிறவரைப் பார்த்துக்கொண்டு பட்டறைக்காரரால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"பெரியவரே, கையை இறக்குங்க. பூட்டியிருக்கல. நான் உள்ளயே வரல. அந்த டயர் கடைகிட்ட நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். மறுநாள் அதுவும் கெடையாது. அவன்கிட்டப் போயி பூட்டியிருக்குன்னு சொன்னேன். எரிக்க மாட்டாங்கன்னு என் ஆளு சொன்னான், அவன் வாயை அடைச்சேன். எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையாச் சொல்லுவான் தெரியுமா?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

பெரியவர்தான் முதலில் அசைந்தார். "உள்ள வாங்கம்மா. உடம்பு இல்லாட்டி என்ன, சொல்ல வேண்டியதைச் சொல்லிடுவோம். நீங்களும் வாங்கய்யா."

"வேண்டாம் பெரியவரே. அவரு இங்கயே நிக்கட்டும்" என்றாள் அக்கா.

அவர்கள் உள்ளே போனார்கள். பட்டறைக்காரர் வெயிலில், சாய்ந்து கிடந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றார். பழக்கதோஷம், கை தானாகக் கீலைத் தடவியது. எவனோ அரைகுறையாக ஒட்டவைத்த வேலை. அரை மணி நேரம்கூட வேண்டாம். தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

வாரம் தவறாமல் இந்த வாசல் வழியாக வந்து போனவன். இந்தக் கதவைப் பூட்ட முடியாது என்று உலகத்தில் எவனுக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். பூட்டியிருந்தது என்று இவர் சொன்ன அந்த நொடியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் சரி என்றிருக்கிறான்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. பெரியவர் சொல்லச் சொல்ல அவளும் கூடவே சொன்னாள். இரண்டு வரி இல்லை, ஐந்தாறு வரி இருக்கும். ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

கூடமே இல்லாத உலகம் இதைவிட நல்ல உலகம் என்று பட்டறைக்காரர் இன்றைக்கும் வாதாடக்கூடியவர்தான். அப்பாவின் கடையைக் கொளுத்தியவர்கள் இதுபோன்ற வாசலில் இருந்துதான் கிளம்பி வந்தார்கள். அதை யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ரசமட்டத்துக்கு அந்த ஐந்தாறு வரியைக் கிடைக்கவிடாமல் செய்தது எந்தக் கூடமும் இல்லை. தலைவர் இல்லாமல், செயலாளர் இல்லாமல், கொடி இல்லாமல், அந்தக் காரியத்தை அவர் ஒற்றை ஆளாகவே செய்து முடித்திருந்தார்.

அக்கா வெளியே வந்ததும், "நாளைக்கே ஆளை அனுப்பி இந்தக் கேட்டைப் புதுசாப் போட்டுக் குடுத்துடுறேம்மா" என்றார்.

"அதைச் செஞ்சு நீங்க நிம்மதியாப் போகப் பாக்குறீங்க" என்றாள். "வேண்டாம். அது இப்படியே திறந்து கெடக்கட்டும்."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

பேருந்து நிலையம் நாலு எட்டுத் தூரம். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் தோள் மாற்றிக்கொண்டாள். அவளுடைய பேருந்து புறப்படும் நேரம். ஜன்னலோரமாக உட்கார்ந்தவள், கீழே நின்றவரை ஒரு முறை குனிந்து பார்த்தாள்.

"பூட்டியிருக்குன்னு நீங்க சொன்னதை அவன் நம்பினானாய்யா?"

நம்பினான் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டார்.

"நம்பலம்மா. இப்பத்தான் எனக்கே புரியுது. பொய்யின்னு தெரிஞ்சேதான் சரின்னான்."

அவள் மெல்லத் தலையசைத்தாள். "அவன் உங்களை அப்பவே மன்னிச்சிருப்பான். சின்ன வயசுலயே அவன் குணம் அது. என்கிட்ட எதிர்பாக்காதீங்க. நான் அவன் இல்ல."

"சரிம்மா" என்றார்.

நடத்துநர் விசில் கொடுத்தார். பேருந்து வளைந்து வெளியேறும்வரை பட்டறைக்காரர் அங்கேயே நின்றார். பிறகு இரும்புக் கிடங்குக்குப் போக வேண்டியிருந்தது. சந்தை ரோட்டுப் பக்கம் திரும்பிய கால் ஒரு கணம் நின்றது. திரும்பி, கூடத்துத் தெரு வழியாகவே நடந்தார். டயர் கடைக்காரன், "என்ன முதலாளி, இந்தப் பக்கம்?" என்றான்.

"இங்க ஒருத்தரை வந்து கூப்பிட வேண்டியிருந்துச்சு. வராம விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.